வடக்கே போன பிடிமண்

எங்கள் ஊர்ச் சாமிக்குக் கோபம் வந்தால் ஆடும். அதையும் தாண்டிக் கோபம் வந்தால் ஆடாது. இந்த வருஷம் உத்தரவு கேட்ட நாளில் ஆடவில்லை. அதற்குக் காரணம் நான்தான் என்று வேப்பம்பொட்டலில் பால்குடிப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். மண்ணைக் கேட்டது அரசாங்கம், எடுத்தது ஒரு கம்பெனி, பழி மட்டும் ஜீப் டிரைவர் பாண்டிராஜ் தலையில். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்?

அந்தக் கம்பெனி மதுரை விளாங்குடியில் ஒரு மாடி வீட்டைப் பிடித்து முகாம் போட்டிருந்தது. என் ஜீப்பை மாத வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கூடவே என்னையும் எடுத்துக்கொண்டார்கள். தினமும் காலையில் ஆர்த்திகா மேடத்தை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். அவர் கையிலிருக்கும் போன் எந்தப் புள்ளியைக் காட்டுகிறதோ அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். அது வயலாக இருக்கும், சுடுகாடாக இருக்கும், ஒரு தடவை கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டுப் பின்புறமாகக்கூட இருந்தது. இரும்புத் தண்டு ஒன்றைத் திருகித் திருகி ஓர் ஆள் ஆழத்துக்கு இறக்கி, அடிமண்ணை எடுப்பார்கள். வெள்ளித்தாளில் சுற்றி, வெள்ளைத் துணிப்பையில் போட்டு, நம்பர் எழுதுவார்கள். பிறகு அடுத்த புள்ளி.

எனக்கு இதெல்லாம் எதற்கு என்று தெரிந்தாக வேண்டும். ஆர்த்திகா மேடம் மதுரை அண்ணா நகர்ப் பெண், பூமியைப் பற்றிப் படித்தவர். வயது என்னைவிடக் குறைவு, கேள்வி கேட்டால் சலித்துக்கொள்ளாதவர்.

"இந்தியாவுல எரிக்கிற எண்ணெய்ல நூத்துக்கு எண்பத்தஞ்சுக்கு மேல வெளிநாட்டுல இருந்துதான் வருதுண்ணே. அங்க எவனாவது சண்டை போட்டா இங்க உங்க ஜீப் நின்னுடும். அதான் நம்ம கால் அடியிலயே ஏதாவது கெடக்குதான்னு, இதுவரைக்கும் பாக்காம விட்ட இடத்தையெல்லாம் பாக்கச் சொல்லிருக்காங்க."

"எண்ணெய் பாதாளத்துல கெடக்கும். நீங்க மேல் மண்ணைச் சொரண்டுனா தெரியுமா?"

"கதவைச் சாத்திட்டு உள்ள மீன் கொழம்பு வச்சாலும் தெருவுக்கு வாசம் வருதுல்ல? அது மாதிரி கொஞ்சூண்டு கேஸ் கசிஞ்சு மேல வந்து மண்ணுல ஒட்டிக்கிட்டு இருக்கும். மண்ணைச் சூடு பண்ணி, ஆசிட் ஊத்தி அதை வெளிய வரவச்சு மெஷின்ல பாப்பாங்க."

ராமநாதபுரம் கடற்கரையில் தொடங்கிய புள்ளிக் கோட்டின் வால் எங்கள் வாடிப்பட்டிப் பக்கம் வந்து முடிந்தது. "இங்க பெரும்பாலும் கருங்கல் பாறைதான், எண்ணெய் இருக்க வாய்ப்பு கம்மி. ஒப்பிட்டுப் பாக்கத்தான் எடுக்குறோம்" என்றும் சொன்னார். பெரும்பாலும் என்ற சொல்லை நான் அப்போது கவனிக்கவில்லை.

ஒரு நாள் போன் காட்டிய புள்ளி எங்கள் ஊருக்குள்ளேயே விழுந்தது, அதுவும் பொட்டல் கருப்பு கோயில் மைதானத்தின் ஓரத்தில். கோயில் என்றால் கோபுரம் எதுவும் கிடையாது. ஒரு புங்கமரம், ஒரு பீடம், நட்டு வைத்த அரிவாள்கள், அவ்வளவுதான்.

"அண்ணே, இங்க எடுக்கலாமா? ஏதும் பிரச்சினை வருமா?" என்று மேடம் கேட்டார்.

"நம்ம ஊருதான் மேடம். நம்ம சாமிதான். நான் பங்காளி. என்ன பிரச்சினை?" என்றேன்.

அன்று மண் பிடிக்கிற ஆள் வரவில்லை. அதனால் நானே செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு வெள்ளைத் துணியை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தேன். மேடம் தண்டிலிருந்து மண்ணை உதிர்த்தார். மண் நைசா, நறநறப்பா என்று பார்க்க ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தார். அவர் படிப்பில் அப்படியொரு பழக்கம் உண்டாம். பிறகு நான் துணியை முடிந்து இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தேன். வரப்பில் புல்லறுத்துக்கொண்டிருந்த மலையம்மாள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். நாங்கள் அடுத்த புள்ளிக்குப் போய்விட்டோம்.

அடுத்த வாரம் சாமி சாட்டு. திருவிழா நடத்தலாமா வேண்டாமா என்று கருப்பிடமே உத்தரவு கேட்கிற நாள். என் பெரியப்பா பேயாண்டிதான் சாமியாடி. மற்ற நாளில் டிராக்டர் ஓட்டுகிறவர், டீசல் விலை ஏறினால் டெல்லி வரைக்கும் காது கேட்கிற மாதிரி திட்டுகிறவர். ஆனால் உறுமிச் சத்தம் கேட்டதும் ஆள் மாறிவிடுவார். அவருடைய அப்பாவுக்குப் பிறகு ஒரு வருஷம்கூடக் கருப்பு அவரை ஏமாற்றியதில்லை.

அன்று உறுமி கத்தியது. கொட்டுக்காரர்கள் வியர்த்து வடிந்தார்கள். பெரியப்பா கையில் அரிவாளை வாங்கிக்கொண்டு பீடத்தைப் பார்த்து நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். உடம்பில் ஒரு நடுக்கம் இல்லை. குலவை போட்ட பெண்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசியில் அவர் அரிவாளைப் பீடத்தில் சாத்திவிட்டு, "கருப்பு இங்கன இல்ல" என்றார்.

கூட்டத்தில் முதலில் வாய் திறந்தது பால்பாண்டி. அவர் பங்காளிகளில் இளைய வகையறா. "சாமி இல்லாமப் போகுமா? ஆளுக்குத்தான் அருள் இல்ல. எங்க வகையறாவுல ஒருத்தன் நிக்கட்டும், வருதா இல்லையான்னு பாப்போம்" என்றார். எப்போதடா திண்ணை காலியாகும் என்று காத்திருந்த குரல்.

அப்போதுதான் மலையம்மாள் சொன்னாள். "சாமி எப்புடி இருக்கும்? அதத்தான் பிடிமண் குடுத்து அனுப்பிட்டாகளே!"

பிடிமண் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பங்காளிகளில் யாராவது தூரதேசம் போய்க் குடியேறினால், அங்கேயும் கருப்பை வைத்துக் கும்பிட வேண்டுமென்று வந்து கேட்பார்கள். சாமியிடம் உத்தரவு வாங்கி, பங்காளி ஒருவன் கோயில் மண்ணைத் துணியில் முடிந்து இரண்டு கையாலும் கொடுப்பான். வாங்குகிறவர் அதில் ஒரு சிட்டிகையை வாயில் போட்டுக்கொள்வார். அந்த மண்ணோடு சாமி போய்விடும். திருப்பூரில் ஒரு கருப்பு, பம்பாயில் ஒரு கருப்பு என்று எங்கள் சாமி அப்படித்தான் ஊர் ஊராகப் பரவியிருக்கிறது.

"செருப்பக் கழட்டிட்டு, வெள்ளத் துணியில, ரெண்டு கையாலயும் இவன்தான் குடுத்தான். அந்தப் புள்ளையும் வாயில போட்டுக்கிச்சு. என் கண்ணால பாத்தேன்" என்றாள் மலையம்மாள்.

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. யோசித்துப் பார்த்தால் ஒரு முறைகூடத் தப்பவில்லை. சடங்கு தெரிந்தவன் செய்திருந்தால்கூட அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டான்.

"ஆனா, பிடிமண் குடுத்தா சாமி இங்கனயும் இருக்கும், அங்கனயும் இருக்கும்ல?" என்று நான் கேட்டுப் பார்த்தேன்.

"கேட்டுக் குடுத்தா இருக்கும். கேக்காமக் குடுத்தா? ஒன் வீட்டுல ஒன்னையக் கேக்காமப் பாதிச் சாமானத் தூக்கிட்டுப் போனா நீ வீட்டுல உக்காந்திருப்பியா, பின்னாடியே ஓடுவியாடா?" என்றார் கொட்டுக்காரர்.

முடிவாக ஊர் சொன்னது இது. வருகிற வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் மண் திரும்பி வர வேண்டும். வந்தால் பேயாண்டி நிற்பார். வராவிட்டால் அரிவாள் பால்பாண்டி வகையறாவுக்குப் போகும். ஒரு தடவை கைமாறினால் அது திரும்பாது. பெரியப்பா வீட்டுக்குப் போனார். மறுநாளும் டிராக்டரை எடுக்கவில்லை. பெரியம்மா முத்துத்தாய் என்னைப் பார்த்து, "சாப்பாட்டத் தொட மாட்டேங்குறாருடா. இந்தப் பாவத்த எங்க கொண்டு போய்த் தொலைப்ப?" என்று கண் கலங்கினார். எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

முகாமுக்குப் போய் மேடத்திடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னைக் குடைய ஆரம்பித்துவிட்டார்.

"எவ்வளவு மண்ணு எடுத்தா சாமி போகும்? ஒரு கைப்பிடியா? அதுக்குக் கொறைஞ்சா? நான் வாயில போட்டது தப்பா? அப்ப சாமி இப்ப நம்ம ரூம்லயா இருக்கு?"

"எனக்கென்ன தெரியும் மேடம்? மண்ணு எங்க இருக்கோ அங்க இருக்கும்."

சேகரித்த மண் வைத்திருக்கும் அறையை அவர் ஒரு தடவை பார்த்தார். பிறகு அந்த அறைக்குள் போகும்போது செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போனார். போனவர் திரும்பி வந்தபோது முகம் சரியில்லை.

"அண்ணே, ஒவ்வொரு மண்ணையும் ரெண்டாப் பிரிப்போம். ஒண்ணு வடக்க லேபுக்குப் போகும், இன்னொண்ணு வழியில ஏதாவது ஆயிட்டா வேணும்னு இங்க வச்சுக்குவோம். உங்க ஊரு மண்ணு போன வாரமே லாரியில போயிருச்சு. இங்க பாதிதான் இருக்கு."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவர் மேலதிகாரிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் பேசியவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கோயில், மேலூர், டங்ஸ்டன் என்று மேடம் சொன்ன மூன்று சொல்லும் அவருக்கு நன்றாகப் புரிந்தது. மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் என்று வந்து, ஊர் ஊராகத் திரண்டு நின்று அதைத் திருப்பி அனுப்பிய கதையை மதுரையில் வேலைபார்க்கிற எந்த அதிகாரியும் மறக்கவில்லை. இருக்கிற பாதியைக் கொடுத்துத் தொலைத்துவிடு, ஆனால் வடக்கே போனதைப் பற்றிப் பேச்செடுக்காதே என்று சொல்லிவிட்டாராம்.

"நீங்க வர வேணாம் மேடம், நான் மட்டும் கொண்டு போறேன்" என்றேன்.

"நானும் வாரேன். வாங்குனது நான்தானே?" என்றார். எங்கள் பேச்சு அதற்குள் அவருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினோம். பாதி மண்ணை மடியில் வைத்து, வழி முழுக்க அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். நானும் பள்ளம் மேடு பார்த்து, பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிப்போகிற மாதிரி ஓட்டினேன். ஊர் எல்லையில் இறங்கி, மண்முடிச்சை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். கோயிலில் ஊரே கூடியிருந்தது. பெரியப்பா ஈர வேட்டியோடு பீடத்துக்குப் பக்கத்தில் நின்றார். நாலே நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

வந்ததும் மேடம் மறைக்காமல் சொல்லிவிட்டார், பாதிதான் இருக்கிறது என்று. அதிகாரி சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று.

அதிலிருந்து ஒரு பஞ்சாயத்து. பாதி மண்ணில் சாமி பாதி வருமா, முழுசாக வருமா, வரவே வராதா? பால்பாண்டி வரவே வராது என்றார். கொட்டுக்காரர் வாலைப் பிடித்தால் தலை தானாகத் திரும்பும் என்றார். இந்த வழக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே பெண்கள் மேடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களுக்குக் கேட்க வேறு கேள்விகள் இருந்தன.

"ஏந்தாயி, நெசமாவே எங்க நெலத்துக்கு அடியில எண்ணெய் கெடக்கா?" என்றாள் மலையம்மாள்.

"பெரும்பாலும் இருக்காதும்மா."

"பெரும்பாலும்னா? இருந்தாலும் இருக்கும்ங்குறியா?"

மேடம் விழித்தார். நான் கோட்டை விட்ட சொல்லை இவள் கப்பென்று பிடித்துவிட்டாள்.

"இருந்துச்சுன்னா அது யாருது?"

"அடியில இருக்குறது கவர்மெண்டுக்குச் சொந்தம். நெலம் உங்களுது."

"அப்ப எம்புட்டு ஆழம் வரைக்கும் எங்களுது? வேர் போற மட்டுமா? கெணறு போற மட்டுமா? போர் போட்டா அது எறநூறு அடிக்கும் கீழ போகுதே, அந்தத் தண்ணி யாருது?"

"அது..." என்று ஆரம்பித்த மேடம் நிறுத்திவிட்டு, "எனக்குத் தெரியலம்மா. நெசமாவே நான் இதை யோசிச்சதில்ல" என்றார். மலையம்மாளுக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று என்று நினைக்கிறேன், சேலை முந்தானையால் மேடத்தின் கழுத்து வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

"ஆனா எண்ணெயும் வேணும்லம்மா? டிராக்டருக்கு டீசல், அடுப்புக்குக் கேஸு, எல்லாம் கப்பல்லதான் வருது" என்றார் மேடம்.

"வேணாம்னு யார் சொன்னா? எங்க கால் அடியில இருக்கான்னு எங்களுக்கும்தான் தெரியணும்ங்குறோம். முன்கூட்டியே தெரிஞ்சா ஒரு ரோசனை பண்ணுவோம்ல. ஒரு நாளைக்கு மிஷினோட வந்து நின்னு எந்திரின்னா எங்க போறது?"

பஞ்சாயத்து முடிகிற வழியாக இல்லை. பொழுது அழகர்மலைக்கு எதிர்த்திசையில் இறங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பாதான் முடித்து வைத்தார். "கொண்டாடா அந்த மண்ண. வந்தா வரட்டும். வரலேன்னா அருவாள நானே பால்பாண்டி கையில குடுத்துட்டுப் போறேன்."

முடிச்சை அவிழ்த்து மண்ணைப் பீடத்தில் வைத்தேன். ஓர் உள்ளங்கை அளவுதான் இருக்கும். அதைப் பார்த்தபோது, இவ்வளவு பெரிய அரசாங்கத்துக்கு இந்தக் கொஞ்ச மண்ணில் என்ன தெரியப்போகிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்களுக்கும் அதே மண்ணில்தான் எல்லாம் தெரிய வேண்டியிருந்தது.

உறுமி தொடங்கியது. பெரியப்பா மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தார். ஒன்றுமில்லை. கொட்டு வேகம் பிடித்தது. ஒன்றுமில்லை. பால்பாண்டி துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார். பெரியம்மா முத்துத்தாய் கண்ணை மூடிக்கொண்டார். அப்போது பெரியப்பாவின் இடது கால் மட்டும் உதறியது. பிறகு இடது கை. ஒரு பக்கம் துள்ள, மறுபக்கம் அப்படியே நின்றது. அப்படி ஓர் ஆட்டத்தை எங்கள் ஊர் பார்த்ததே இல்லை. அடுத்த நொடி அவர் போட்ட சத்தத்தில் புங்கமரத்துக் காக்கைகளெல்லாம் கிளம்பிப் பறந்தன.

"வந்துட்டேன்டா! பொங்கப் பானைய ஏத்துங்கடா!"

குலவைச் சத்தம் ஊரை அடைத்தது. பெரியம்மா அழுதுகொண்டே தரையில் விழுந்து கும்பிட்டார். பால்பாண்டியும் துண்டை அவிழ்த்துவிட்டு விழுந்தார். எனக்கும் அழுகை வந்தது, அழுதேன்.

"ஆனா பாதியத்தான்டா கொண்டாந்திருக்கீக! மீதி எங்கடா?" என்று கருப்பு என்னைப் பார்த்து உறுமியது.

"வடக்க போயிருச்சு சாமி" என்றேன்.

மலையம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "அய்யா கருப்பா, மனுசங்களக் கேட்டா பெரும்பாலும்ங்குறாக. நீ சொல்லு. எங்க நெலத்துக்கு அடியில எண்ணெய் கெடக்கா, இல்லையா? எங்களக் கெளப்பிருவாகளா? ஒரு வார்த்தை சொல்லிரு."

கொட்டு தானாக நின்றது. எண்ணெய் இருந்தால் பணக்காரன் ஆகிவிடலாம் என்று நினைத்தவனும் இருந்தான், நிலம் போய்விடுமே என்று பயந்தவளும் இருந்தாள். மேடம் எல்லோரையும்விட முன்னால் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

கருப்பு குனிந்து தரையைப் பார்த்தது. காலால் ஒரு தடவை தட்டிப் பார்த்தது.

"இங்கன இருக்க பாதிக்கு ஒண்ணும் தெரியலடா" என்றது. குரலில் உறுமல் இல்லை. "பாக்கப் போன பாதி வடக்க கெடக்கு. அங்க என்னத்தக் கண்டுச்சோ, எனக்கு எப்புடித் தெரியும்?" பிறகு மேடத்தின் பக்கம் திரும்பியது. "தாயி, நீதான கொண்டு போன. அது என்ன சொன்னுச்சுன்னு நீ வந்து என் சனத்துக்குச் சொல்லிரு."

வாரேன், சொல்றேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எல்லோரும் பொங்கல் வைக்கப் போயிருப்பார்கள். நான்கூட, சொல்லிவிடுங்கள் மேடம் என்று கண்ணைக் காட்டினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு சாமியின் முகத்தைப் பார்த்தார்.

"எனக்குச் சொல்ல மாட்டாங்க சாமி" என்றார். "முடிவு நேரா கவர்மெண்டுக்குப் போகும். எண்ணெய் தோண்ட ஏலம் எடுக்க வர்ற கம்பெனிக்குக் காட்டுவாங்க. நான் இத்தனை ஊர்ல மண்ணு எடுத்திருக்கேன். ஒரு ஊர் மண்ணுல என்ன இருந்துச்சுன்னுகூட எனக்கு இதுவரைக்கும் தெரியாது. கேட்டும் பாத்துட்டேன். உன் வேலை எடுக்குறதோட சரின்னுட்டாங்க."

இத்தனை நாள் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவந்தவர் இப்படி ஒரு பாரத்தோடு வந்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது.

கருப்பு அவர் பக்கத்தில் வந்தது. பிறகு கப்பரையிலிருந்து திருநீற்றை அள்ளி அவர் நெற்றி நிறையப் பூசியது.

"ஒனக்கும் சொல்ல மாட்டாகளா?" என்றது. "அப்ப அங்க ஏந்தாயி தனியா நிக்குற? இங்கிட்டு, எங்க சனத்தோட வந்து நில்லு."

மலையம்மாள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். மேடம் வந்து எங்களோடு நின்றார்.